வாசகர் கேள்வி, அக்கா பதில்: "புத்தகம் சொன்னதெல்லாம் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை"

போன இதழில் ஒரு வாசகர் தன்னம்பிக்கை தரும் நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள் என்று நான் இரண்டு வரி எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களை வாசித்தபிறகு இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். திருகோணமலையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த நாலு கடிதங்கள் கீழே இருக்கின்றன. புத்தகங்களின் பெயர்களை நான் எடுத்துவிட்டேன். ஒன்றைப் பெயர் சொல்லிக் குறை சொன்னால் அலுமாரியில் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது நல்லது என்று ஆகிவிடும், ஆனால் இவற்றில் நிறைய ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவைதான்.

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் உப்புவெளி. கலைப்பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருக்கிறேன். கனடாவில் இருக்கிற மச்சாள் ஒரு புத்தகம் அனுப்பினா, உலகமெல்லாம் விற்ற புத்தகமாம். எதை நினைக்கிறோமோ அதைப் பிரபஞ்சம் நமக்கு அனுப்பும், கிடைத்துவிட்டது என்று நம்பி வாழ வேண்டும் என்று சொல்கிறது. ஒரு தனியார் நிறுவனத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு இரவும் "இந்த வேலை எனக்குக் கிடைத்துவிட்டது" என்று கொப்பியில் எழுதினேன், படம் வெட்டிச் சுவரில் ஒட்டினேன். கிடைக்கவில்லை. இதற்கென்று இருக்கிற வட்ஸ்அப் குழுவில் கேட்டால், உள்ளுக்குள் சந்தேகப்பட்டிருப்பீங்கள், அதுதான் என்கிறார்கள். இப்போது ஒரு கெட்ட நினைப்பு வந்தாலே பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு மார்பில் கட்டி இருக்கிறது என்று போன மாதம் சொன்னார்கள். அவவுக்கு ஏதும் வருத்தம் வந்துவிடுமோ என்று நான் முன்பே அடிக்கடி பயந்திருக்கிறேன். நான் நினைத்ததால்தான் வந்ததோ அக்கா? நித்திரையே இல்லை.

பதில்: தங்கச்சி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. உங்கள் நினைப்பால் அம்மாவுக்கு எதுவும் வரவில்லை. மார்பில் கட்டி வருவதற்கு வயது, ஹோர்மோன் மாற்றம், பரம்பரை என்று வைத்தியர்கள் சொல்கிற காரணங்கள் உண்டு. மகள் பயந்தாள் என்பது அதில் எங்கேயும் இல்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது என்று தெரிந்துகொள்ள வழி பரிசோதனைதான், ஆகவே வைத்தியர் எதை எழுதித் தந்திருக்கிறாரோ அதைப் பிந்தாமல் செய்வியுங்கள், கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இப்போது நடக்க வேண்டிய முக்கியமான வேலை அதுதான், அதற்கு நீங்கள் பயப்படாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பயந்துகொண்டே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

வேலை கிடைக்காமல் போனதற்காக அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பிள்ளையை இப்படி இரவில் முழித்திருந்து தன் நினைப்புக்கே காவல் காக்க வைத்ததற்காகத்தான் கோபம். நினைப்பதுதான் நடக்கும் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் முதலில் எங்கள் ஊரை வைத்து அதைப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கரையோரம் இருந்த சனம் அன்று காலை என்னத்தை நினைத்துக்கொண்டிருந்தது? தேத்தண்ணி, வலை, நத்தாருக்கு வந்து நிற்கிற சொந்தக்காரர், பிள்ளைகளின் விளையாட்டு. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலத்தட்டு விலகியது, தண்ணீர் வந்தது. யாருடைய மனதுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து அது வரவில்லை. நினைப்பதே நம்மிடம் இழுபட்டு வரும் என்கிற இதற்கு ஈர்ப்பு விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை முழுவதும் நம்புகிற ஒருவர், பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் முன்னால் போய் நின்று "நீங்கள்தான் இழுத்தீர்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அங்கே செல்லாத விதி உங்கள் அம்மாவின் விஷயத்திலும் செல்லாது, நேர்முகத்திலும் செல்லாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த இரகசியமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பீனியாஸ் குவிம்பி என்ற மணிக்கூடு செய்கிறவர், நோய் என்பது பிழையான நம்பிக்கையால் வருவது என்று சொல்லி ஆட்களைக் குணமாக்கப் பார்த்தார். அவரைத் தொடர்ந்து வளர்ந்த சிந்தனை கொஞ்சம் கொஞ்சமாக நோயை விட்டுப் பணத்தின் பக்கம் திரும்பியது, 1910இல் வாலஸ் வாட்டில்ஸ் என்பவர் பணக்காரர் ஆவதற்கு ஒரு விஞ்ஞானம் உண்டு என்று புத்தகமே எழுதினார். நூறு வருடத்துக்குப் பிறகு நாங்கள் வாங்குவதும் அதே சரக்குத்தான், குவாண்டம், அதிர்வெண் என்ற சொற்கள் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. பௌதிகவியல் படிப்பிக்கிற எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள், குவாண்டம் அணுவையும் இலத்திரனையும் விளக்க வந்தது, நேர்முகக் குழுவின் முடிவை மாற்றுகிற எதுவும் அதில் இல்லை.

உங்கள் குழுவில் சொன்ன பதிலைக் கவனியுங்கள். வேலை கிடைத்தால் விதி பலித்தது, கிடைக்காவிட்டால் நீங்கள் சந்தேகப்பட்டீர்கள். எப்படி விழுந்தாலும் புத்தகம் தோற்காது, வாசித்தவர்தான் தோற்பார். ஒரு பரசிட்டமோல் பெட்டிக்குள்ளேயே இதை யார் குடிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் போடக் கூடாது என்று ஒரு துண்டு மடித்து வைத்திருக்கிறார்கள். வாழ்க்கையையே மாற்றுவதாகச் சொல்கிற புத்தகத்தில் அப்படி ஒரு துண்டு இல்லை என்றால், இது யாருக்குப் பலிக்காது, எந்த நிலைமையில் உதவாது என்று ஒரு பக்கம்கூட இல்லை என்றால், அதை அறிவுரை என்று நான் எடுப்பதில்லை. எத்தனை கோடிப் பேர் வாங்கியிருந்தாலும் சரி. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு நடந்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, நடந்தவர்கள் மட்டும்தான் மேடையில் ஏறுகிறார்கள்.

அந்தக் குழுக்களில் திருவள்ளுவரையும் விடமாட்டார்கள். "எண்ணிய எண்ணியாங்கு எய்துப எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்ற 666ஆவது குறளைப் படம் போட்டு அனுப்புவார்கள், நினைத்தால் கிடைக்கும் என்பதற்கு இதோ சாட்சி என்று. அந்தக் குறள் இருக்கிற அதிகாரத்தின் பெயர் வினைத்திட்பம், செய்கிற வேலையில் உறுதியாக நிற்பது பற்றிய பத்துக் குறள்கள். இரண்டு குறளுக்கு முன்னால், சொல்லுவது எல்லாருக்கும் எளிது, சொன்னபடி செய்வதுதான் அரிது என்று அவரே எழுதியிருக்கிறார். கனவு கண்டுகொண்டு கொப்பியில் எழுதச் சொல்ல வள்ளுவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

சரி, நினைத்துப் பார்ப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லையா என்று கேட்பீர்கள். எதை நினைக்கிறோம் என்பதில் இருக்கிறது. 1999இல் லொஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லியென் பாம், ஷெல்லி டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பரீட்சைக்குப் போகிற மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சிலரை நல்ல புள்ளி எடுத்துவிட்டதாகத் தினமும் கற்பனை செய்யச் சொன்னார்கள். வேறு சிலரை எங்கே இருந்து, எப்போது, எப்படிப் படிக்கப் போகிறோம் என்று கற்பனை செய்யச் சொன்னார்கள். படிக்கிற விதத்தை நினைத்துப் பார்த்தவர்கள் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதலான புள்ளியும் எடுத்தார்கள். புள்ளியை மட்டும் கற்பனை செய்தவர்களுக்கு அது உதவவில்லை. கப்ரியேலே எட்டிங்கன் என்ற ஜேர்மனிய உளவியலாளர் உங்களைப் போலப் படிப்பு முடித்து வேலை தேடியவர்களையே இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார். வேலை கிடைத்துவிட்டதாக இனிக்க இனிக்க அடிக்கடி கற்பனை செய்தவர்கள் குறைவான விண்ணப்பங்கள்தான் அனுப்பியிருந்தார்கள், அவர்களுக்கு வந்த வாய்ப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. இதை 2002இல் வெளியிட்டார். கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தை மனம் முன்கூட்டியே அனுபவித்துவிட்டால் எழும்பி ஓடுகிற வேகம் தணிந்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

சுவரில் ஒட்டுகிற வசனங்களுக்கும் இதே கதிதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட்டும் அவரோடு இருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரிய ஆள்" என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது, தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களுக்கு முன்பைவிட மோசமாக இருந்தது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே அது காயப்படுத்தியிருக்கிறது. எழுதியும் உங்களுக்கு மனம் தேறவில்லை என்றால் உங்களில் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள், உங்களைப் போல இருப்பவர்கள் நிறையப் பேர்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் குழுவிலிருந்து இன்றைக்கே விலகுங்கள், விளக்கம் எதுவும் சொல்லத் தேவையில்லை. அந்த நேர்முகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை இடம் இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள், ஒரு இடத்துக்கு ஐம்பது பேர் வந்திருந்தால் நாற்பத்தொன்பது பேருக்குக் கிடைக்காது, அவர்கள் எல்லாரும் சந்தேகப்பட்டவர்கள் இல்லை. நியமனத்துக்குக் காத்திருக்கிற காலத்தில் விண்ணப்பத்தையும் நிறுத்தாதீர்கள். அதே கொப்பியில் நேர்முகத்தில் கேட்ட கேள்விகளை நினைவில் உள்ளபடி எழுதி, ஒரு சிநேகிதியை எதிரில் இருத்திச் சத்தமாகப் பதில் சொல்லிப் பழகுங்கள், ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நாலு வசனம் தடுமாறாமல் வந்தால் இந்த மாவட்டத்தில் அது பெரிய பலம். நித்திரை இல்லாத நிலை இன்னும் சில கிழமை நீடித்தால் பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கில் காட்டுங்கள். வெளியே போகக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். "கெட்ட நினைப்பு வந்தால் பயமாக இருக்கிறது" என்று எனக்கு எழுதியதை அப்படியே அவர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் நிறையக் கேட்ட விஷயம்தான் அது.

கேள்வி: வணக்கம் அக்கா. நிலாவெளியில் இருக்கிறேன். கடனில் நல்ல கடன், கெட்ட கடன் என்று இரண்டு வகை, வருமானம் தருகிற பொருளைக் கடனுக்கு வாங்குவது நல்ல கடன் என்று சொல்கிற பிரபலமான புத்தகம் ஒன்றை 2018இல் வாசித்தேன். உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்க ஒரு வான் லீசிங்கில் எடுத்தேன். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2022இல் வானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஏலம் போட்டும் மிச்சம் கட்டச் சொல்கிறார்கள். மச்சானும் எங்கள் ஊர் மாஸ்டர் ஒருவரும் எனக்குப் பிணை, அவர்கள் முகத்தில் முழிக்க முடியவில்லை. இப்போது என் தம்பி அதே புத்தகத்தை வைத்து வாசிக்கிறான். பறித்து எறியட்டா?

பதில்: தம்பி, பறிக்க வேண்டாம். பறித்த புத்தகத்தை யாரும் மறப்பதில்லை. ஆனால் அவனோடு இருந்து கதைக்க உங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை.

நீங்கள் வான் எடுத்த வருடம், 2018இல், இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் கூடுதலான பயணிகள் வந்தார்கள். அதைப் பார்த்து யாரும் வான் எடுத்திருப்பார்கள், அதில் பேராசை எதுவும் இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுகள், அப்புறம் கொரோனா, 2021இல் வந்தவர்களின் தொகை இரண்டு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, அதற்குச் சில நாள் முன்புதான் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே அடியில் 7 புள்ளிகள் கூட்டியது, ஆகவே வேறு இடத்தில் குறைந்த வட்டிக்கு மாறிக்கொள்கிற வழியும் அடைபட்டுப் போனது. அதே வருடம் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது ஒரு வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு தடவை போய்வரக்கூட அது காணாது. இந்த நிலைமையில் தவணை கட்ட எந்தத் தன்னம்பிக்கையாலும் ஏலாது.

நல்ல கடன் என்ற அந்தக் கணக்கு முழுவதும் ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது, வாங்கிய பொருள் மாதாமாதம் உழைத்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் அது. உழைப்பு நின்றால் யார் கட்டுவது என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை, கேட்டாலும் பதில் அமெரிக்காவுக்குத்தான் பொருந்தும். அங்கே வீட்டுக் கடனை 30 வருடத்துக்கு வட்டி மாறாமல் எடுக்கிற வழக்கம் இருக்கிறது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் குடியிருக்க வாங்கிய வீட்டின் கடனைக் கட்ட முடியாவிட்டால் பெரும்பாலும் வீட்டோடு கணக்கு முடிந்துவிடும், மிச்சத்துக்கு ஆளைத் துரத்த முடியாது. இங்கே லீசிங் என்றால் நாலைந்து வருடம், வாகனத்தைத் தூக்கிய பிறகும் மிச்சம் தொடரும், பிணை வைத்தவர்களையும் தொடரும். புத்தகத்தில் கடன் என்பது ஒரு தனி மனிதனும் வங்கியும். எங்கள் ஊரில் கடன் என்பது மச்சான், மாஸ்டர், அவர்களின் குடும்பம், நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் நீங்கள் எல்லாரும் ஒரே பந்தலில் இருக்க வேண்டியது. இதைப் பற்றி ஒரு வரியும் எழுதாத புத்தகத்தை வைத்து நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம், எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள், அந்தப் புத்தகத்தில் வரவு செலவை எழுதி வைக்கச் சொல்கிற பகுதி நல்லது, அதை எடுத்துக்கொள்ளட்டும். ஏதாவது கடன் எடுக்க நினைத்தால் ஆறு மாதம் ஒரு சதமும் வராது என்று வைத்துக் கணக்குப் போடட்டும், பிணைக்குக் கேட்கப் போகிறவரின் வீட்டில் போய் இருந்து அந்தக் கணக்கை அவருக்கும் அவருடைய மனைவிக்கும் காட்டட்டும். காட்டக் கூச்சமாக இருந்தால் அந்தக் கடன் வேண்டாம்.

உங்களுடைய விஷயத்தில், வான் என்ன விலைக்கு ஏலம் போனது, மிச்சம் என்பது எப்படி வந்தது, அதில் வட்டி எவ்வளவு, தண்டப்பணம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்கிற தொகைக்குக் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். திருப்தி இல்லை என்றால் மத்திய வங்கியில் இப்படியான முறைப்பாடுகளுக்கென்றே ஒரு திணைக்களம் இருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். அதற்கு முன் மாஸ்டரின் வீட்டுக்குப் போங்கள். கையில் காசு இல்லாவிட்டாலும் போங்கள். கடிதம் வந்து தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது அவருக்கு மரியாதை.

கேள்வி: அக்கா, நான் தாதிய உத்தியோகத்தர், உவர்மலைப் பக்கம் வீடு. வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறார்கள், 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒரு புத்தகம் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் தொடங்குவேன், இடையில் இரவுக் கடமை வந்து குழம்பிவிடும். எனக்கு ஒழுங்கு இல்லையா?

பதில்: விடியும்வரை நோயாளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவரிடம் ஐந்து மணிக்கு எழும்பு என்று சொல்கிற புத்தகம் உங்களை நினைத்து எழுதப்பட்டதில்லை தங்கச்சி. உங்களுக்கு ஒழுங்கு இல்லை என்றால் அந்த வார்ட்டில் மருந்து நேரத்துக்குப் போயிருக்காது.

21 நாள் எங்கிருந்து வந்தது தெரியுமா? மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960இல் எழுதிய புத்தகத்தில், முகத்தை மாற்றிக்கொண்ட நோயாளிகள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் போகிறது என்று தான் கவனித்ததைச் சொன்னார். பிறகு வந்தவர்கள் "குறைந்தது" என்பதை விட்டுவிட்டார்கள், நோயாளியையும் விட்டுவிட்டார்கள், நாளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்து உண்மையாகவே அளந்து பார்த்து 2009இல் வெளியிட்டதில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் போனது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறினால் எல்லாம் கெட்டுப்போகும் என்பதும் இல்லை என்று கண்டார்கள், அது உங்களுக்கு முக்கியம்.

நேரத்தை வைத்துப் பழக்கம் வைக்காதீர்கள், உங்களுக்கு நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கடமை முடிந்தாலும் நீங்கள் கட்டாயம் செய்கிற ஒன்று இருக்கும், குளிப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, அதன் பின்னால் புதிய பழக்கத்தைக் கட்டிவிடுங்கள். இரவுக் கடமை முடிந்த நாளில் அதுவும் வேண்டாம், ஜன்னலை மூடிவிட்டு நித்திரை கொள்ளுங்கள்.

கேள்வி: மகளே, நான் தம்பலகாமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953இல் படித்து வெளியேறியவர்களில் 3 வீதத்தினர் மட்டும் தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம், 20 வருடம் கழித்துப் பார்த்தால் அந்த 3 வீதத்தினரின் சொத்து மற்ற 97 வீதத்தினருடையதைவிடக் கூடுதலாம். பரிசளிப்பு விழா ஒன்றில் கேட்டு, பிறகு புத்தகத்திலும் வாசித்து, நானும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது பேரன் அது பொய் என்கிறான். உண்மையா? அப்படியானால் இந்த வகையில் நம்பி வாசிக்க ஒன்றுமே இல்லையா?

பதில்: ஐயா, பேரன் சொன்னது சரி. அப்படி ஒரு ஆய்வு நடக்கவே இல்லை. 1996இல் ஒரு அமெரிக்கச் சஞ்சிகை தேடிப் பார்த்தது, அந்தக் கதையைச் சொல்லிவந்த பேச்சாளர்களைக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டினார், யேல் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு பதிவும் இல்லை. அச்சில் வந்ததை நம்பிச் சொன்ன உங்களில் குற்றம் இல்லை, சரிபார்க்காமல் அச்சிட்டவர்களில்தான் குற்றம். இனிப் பிள்ளைகளைச் சந்தித்தால் அது நடக்காத கதை என்று சொல்லிவிடுங்கள், ஒரு ஆசிரியர் அப்படிச் சொல்வதைக் கேட்பதே அவர்களுக்கு நல்ல பாடம்.

ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். டேவிட் பேர்ன்ஸ் என்ற மனநல வைத்தியர் மனச்சோர்வு உள்ளவர்களுக்காக 1980இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபீலிங் குட்' என்ற புத்தகத்தை 1995இல் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மனச்சோர்வு உள்ள 80 பேரில் ஒரு பகுதியினருக்கு அதை உடனே வாசிக்கக் கொடுத்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்து, நாலு கிழமைக்குப் பிறகு ஒப்பிட்டார்கள், வாசித்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் புத்தகத்தில் பிரபஞ்சம் இல்லை. மனதில் ஓடுகிற நினைப்பை எழுது, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார், இன்று செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைச் செய் என்று பயிற்சி பயிற்சியாகப் போகிறது, கடுமையான நிலையில் இருப்பவர் வைத்தியரிடம் போக வேண்டும் என்றும் சொல்கிறது. புத்தகக் கடையில் எதையாவது கையில் எடுத்தால் இப்படியான வரி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது என் பழக்கம். இல்லாவிட்டால் வாங்கமாட்டேன், வேண்டுமென்றால் நூலகத்தில் எடுத்து வாசிப்பேன்.

இலக்கை எழுதி வைக்கச் சொல்வதையும் நீங்கள் விட வேண்டாம், எழுதுகிற விதத்தை மட்டும் மாற்றுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் பல இடங்களில் திரும்பச் செய்யப்பட்டு நின்று பிடித்திருக்கின்றன. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று எழுதியவர்கள், செய்யப் போகிறேன் என்று மட்டும் நினைத்தவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள். பேரன் உயர்தரம் எடுக்கிறவனாக இருந்தால் "நான் பொறியியலாளர் ஆவேன்" என்று எழுத வைக்க வேண்டாம். "பின்னேரம் விளக்கு வைத்ததும் முன் விறாந்தையில் இருந்து போன வருடக் கணிதப் பேப்பரில் முதல் இரண்டு கேள்வி" என்று எழுதட்டும், எழுதினால் நீங்கள் பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுங்கள்.